ஆசிட்டாரும் பச்சைத்தண்ணியும் – 14: மூடி மாறிய கேன்கள்

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஆசிட் என்று நம்பி ஆசிட்டார் ஊரார் வீட்டுக் கம்பளங்களில் தெளித்துக்கொண்டிருப்பது வெறும் குழாய்த் தண்ணீர். அது அவருடைய மனைவிக்குத் தெரியும். ஏனென்றால் கேனில் அதை நிரப்பி வைப்பவளே அவள்தான்.

மற்றபடி அந்த வீட்டில் எல்லாம் சுகம்.

ஆசிட்டாருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. சீருடைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். காலர் கருகியது. கருகிய காலரோடு சீட்டியடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். மனைவி சின்னவள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டின் இளைய மருமகளாக வந்ததால் அவள் சின்னவள். நாற்பதைத் தாண்டியும் சின்னவள்தான்.

ஆசிட்டார் என்பது தொழில் வட்டாரம் அவருக்குக் கொடுத்த பட்டம். அவருடைய அண்ணனுக்குக் கொடுத்த பட்டம் பச்சைத்தண்ணி. இரண்டு பேருக்கும் கம்பளம் துவைக்கும் தொழில். அப்பா காலத்தில் ஒரே கடை, ஒரே வேன். பிறகு இரண்டு கடை, இரண்டு வேன். சொத்துக்காகப் பிரிந்த சகோதரர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர்கள் அலசலுக்காகப் பிரிந்தவர்கள்.

விஷயம் இதுதான். கம்பளத்தில் முதலில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, பிரஷ் போட்டு, அழுக்கை இளக விடுவார்கள். அப்புறம் மெஷினின் உறிஞ்சுகுழலை இழுத்துக்கொண்டே போவார்கள். அது சுடுதண்ணீரைப் பீய்ச்சி, அந்தத் தண்ணீரை அழுக்கோடு உடனே உறிஞ்சிக்கொள்ளும். அந்த அலசல் தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் கலக்க வேண்டுமா, வேண்டாமா?

கலக்கத்தான் வேண்டும் என்பார் தம்பி. சோப்பு காரம், ஆசிட் போட்டால்தான் அது முறியும், இல்லாவிட்டால் நூல் விறைத்துப் பழுப்பேறிவிடும் என்பார். கூடவே கூடாது என்பார் அண்ணன். ஆசிட் மெஷினை அரிக்கும், கம்பளத்தின் அடியிலுள்ள பசையை இளக்கும், ஒழுங்காக அலசத் தெரிந்தவனுக்குத் தண்ணீரே போதும் என்பார். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருந்ததால்தான் சண்டை இவ்வளவு நாள் நீடித்தது. ஒருவராவது முட்டாளாக இருந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

இன்றைக்கு அந்தச் சண்டைக்கு முடிவு கட்டப்போகிறார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றின் விருந்து ஹால். முழுக்கக் கம்பளிக் கம்பளம். பாதியை அண்ணன் துவைக்க வேண்டும், மீதிப் பாதியைத் தம்பி. எவர் துவைத்த பாதி நன்றாக இருக்கிறதோ அவருக்கு அந்த ஹோட்டலின் எல்லா மாடிகளும். தோற்றவர் தன் கடை போர்டைக் கழற்றிவிட்டு ஜெயித்தவரின் வேனில் குழல் இழுக்கும் ஆளாகச் சேர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் போட்டது ஹோட்டல் அல்ல. அண்ணனும் தம்பியும் ஆள் விட்டுப் பேசி, தாங்களாகவே தலையில் கட்டிக்கொண்டது.

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆசிட்டார் சொன்னார்.

"இன்னிக்கு கேன்ல தாள் விட்டுப் பாக்கப் போறாங்க."

"என்ன தாள்?"

"நீச்சல் குளத்துக்காரங்க வச்சிருப்பாங்கல்ல, புளிப்பு பாக்கற தாள். ஆசிட்னா செவப்பா மாறும். தண்ணின்னா பச்ச. அண்ணன் திருட்டுத்தனமா ஆசிட் ஊத்திட்டு தண்ணின்னு சொல்லிட்டா? அதான் நானே ஹோட்டல் மேடத்துக்கிட்ட கேட்டேன். ரெண்டு கேனையும் எல்லாருக்கும் முன்னாடி பாத்துடுங்கன்னு."

சின்னவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்தப் புளியில் கொஞ்சம் கேனில் கரைந்திருந்தால் இன்று பிரச்சினையே இல்லை.

அவள் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்தது போன மழைக்காலத்தில். அப்போது அவருக்கு ஒரு இருமல் இருந்தது. மூடிய அறைகளுக்குள் ஆசிட் ஆவியை நாள் முழுக்க இழுத்துவிட்டு வந்து, படுத்ததும் ஆரம்பிப்பார். கட்டில் ஆடும். பக்கத்து வீட்டில் விளக்கெரியும். டாக்டர் ஆசிட்டை விடச் சொன்னார். அந்த டாக்டர் வாழ்க்கையில் ஒரு கம்பளமாவது துவைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு ஆசிட்டார் வந்துவிட்டார். சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், ஒரு நாள் சோறு போடாமல்கூட இருந்து பார்த்தாள். பிறகு பேச்சை விட்டுவிட்டுக் குழாயைத் திறந்தாள். கலப்பதும் வேன் ஓட்டுவதும் எப்போதுமே அவள் வேலை. மூடியின் உள்பக்கம் மட்டும் தினமும் வினிகரைத் தடவி வைப்பாள். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துத் தலையாட்டுவார். அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை.

இருமல் நின்றது. தலையணையை மாற்றியதால் நின்றது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

இப்போது அண்ணன் முன்னால் கேனில் தாளை விடுவார்கள். தாள் பச்சையாக நிற்கும். ஆசிட்டார் என்ற பெயரோடு பச்சைத் தண்ணீர் தெளித்தவர் என்று தொழில் முழுக்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவர் தாங்க மாட்டார். அதற்குக் காரணமான கையை இனி எந்தக் கேன் பக்கமும் விட மாட்டார்.

அவள் சமையலறை மேல்தட்டில், யாரும் தொடாத ஓட்ஸ் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த ஆசிட் பொடிப் பொட்டலத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வழியில் எங்காவது கேனில் தட்டிவிட்டால் தாள் சிவக்கும். இன்று ஒரு நாள் இருமட்டும்.

ஆனால் வழியெல்லாம் ஆசிட்டார் கேனைக் கால்களுக்கு நடுவில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடித்துக்கொள்வதுபோல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளம் வந்தபோது அவளை மெதுவாக ஓட்டச் சொன்னார்.

*

ஹோட்டலின் பின்வாசல் வழியாக, சலவை அறையின் சூட்டையும் பாத்திரம் கழுவும் சத்தத்தையும் கடந்துதான் ஹாலுக்குப் போக வேண்டும். ஹாலில் நாற்காலிகளை ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்கள். கம்பளத்தின் நடுவே நீளவாக்கில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. சாம்பல் நிறக் கம்பளம். சாம்பல் அதன் சொந்த நிறம் இல்லை என்பதைச் சுவரோரம் பார்த்தால் தெரிந்தது. அங்கே அது வெளிர்நீலம்.

அண்ணன் பச்சைத்தண்ணி முன்பே வந்துவிட்டிருந்தார். ஆள் பீரோ மாதிரி இருப்பார். தம்பியைப் பார்த்ததும் கூரையிலிருந்த விளக்கைப் பார்த்தார். தம்பி அதே விளக்கைப் பார்த்தார். விளக்கில் ஒன்றுமில்லை.

அண்ணனின் மனைவி பெரியவள் சுவரோரம் நின்றிருந்தாள். சின்னவளும் அவளும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. கடை பிரிந்தபோது ஒரு இஸ்திரிப் பெட்டியும் பிரிய வேண்டியிருந்தது. அது தன்னுடையது என்று சொல்லிப் பெரியவள் ஆள் அனுப்பினாள். சின்னவள் கொடுக்கவில்லை. காலையில் ஆசிட்டாரின் காலரைக் கருக்கியது அந்தப் பெட்டிதான்.

ஹோட்டலின் சுத்தப் பிரிவுக்குத் தலைவியான மேடம் காலணியைக் கழற்றிவிட்டு வெள்ளை சாக்ஸோடு வந்தாள். துவைத்த கம்பளத்தில் வெள்ளை சாக்ஸோடு நடந்து பார்ப்பது அவள் வழக்கம். சாக்ஸ் சொல்வதுதான் தீர்ப்பு. அவளுக்குச் சிரிப்பு வராது. அண்ணன் தம்பி சபதமெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது, மனசில் விழவில்லை. சாயந்திரம் ஹாலில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதற்குள் கம்பளம் சுத்தமாக வேண்டும், அவ்வளவுதான் அவள் அறிந்தது.

அவள் வந்ததும் முதல் உத்தரவு போட்டாள். சோப்பு வேலை முடியும்வரை அலசல் கேன்கள் ஹாலுக்குள் இருக்கக்கூடாது, பக்கத்திலுள்ள தண்ணி ரூமில் இருக்க வேண்டும். கேனைப் பிரியும்போது ஆசிட்டாரின் முகம் வாடியது. சின்னவளுக்கு உயிர் வந்தது.

சோப்பு வேலை ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் சின்னவள் ஒன்றைக் கவனித்தாள். ஆசிட்டார் சோப்பை மருந்து மாதிரி மூடியில் அளந்து ஊற்றினார். ஊற்றிய பிறகு அதிகமாகிவிட்டதோ என்று யோசித்தார். டேப்புக்கு அந்தப் பக்கம் பச்சைத்தண்ணி பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். அவர் கை எப்போதுமே அப்படித்தான், குளிக்கப் போனாலும் ஒரு சோப்பு ஒரு வாரம் வராது என்று கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில் பேசிக்கொள்வார்கள்.

கவனித்ததை நினைத்துப் பார்க்க நேரமில்லை. இரண்டு பேரும் பிரஷ் போடக் குனிந்ததும் அவள் நழுவினாள்.

தண்ணி ரூம் கதவைத் தள்ளியபோது உள்ளே பெரியவள் இருந்தாள்.

தரையில் குந்தி உட்கார்ந்து, தன் புருஷனின் கேனைக் கட்டிப்பிடித்துச் சாக்கடைத் துளை பக்கம் சாய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேன் கனம். அசையவில்லை. சின்னவளைப் பார்த்ததும் அவள் கை கேனை விட்டது. சின்னவளின் கை பொட்டலத்தோடு முதுகுக்குப் பின்னால் போனது.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெரியவள் பேசிய முதல் வார்த்தை, "கதவச் சாத்து."

சின்னவள் சாத்தினாள்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"மார்க்கெட் பின்னாடி கடையில வாங்குன பொடிதானே? அவன் மட்டும்தான் ரோஸ் காகிதத்துல மடிச்சுத் தருவான். நானும் அங்கதான் வாங்குறேன்."

சின்னவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பச்சைத்தண்ணி வீட்டில் ஆசிட் பொடிக்கு என்ன வேலை? பிறகு கேனைப் பார்த்தாள், சாக்கடைத் துளையைப் பார்த்தாள். புரிந்தது.

"நல்ல தண்ணிய எதுக்குக்கா கொட்டுறீங்க?"

"நல்ல தண்ணியா இருந்தா எதுக்குடி கொட்டுறேன்."

பெரியவள் சொன்ன கதை சின்னது. பச்சைத்தண்ணி துவைத்த கம்பளமெல்லாம் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்தது, ஒரு மாசத்தில் பழுப்பேறியது. போனை எடுப்பவள் அவள்தான். வசவெல்லாம் அவள் காதுக்குத்தான் வந்தது. சோப்பைக் குறையுங்கள் என்றாள். என் கையில் குறை சொல்லாதே என்றார். ஆசிட்டாவது போடுங்கள் என்றாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை அவர். அதன் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தினமும் ஒரு பிடிப் பொடியைக் கேனில் போட்டாள். வசவு நின்றது. ஊர்த் தண்ணீரே மாறிவிட்டது என்று அவர் பெருமையாகச் சொல்லிவந்தார்.

சின்னவளும் தன் கதையைச் சொன்னாள். இருமல், குழாய், வினிகர், தலையணை.

பெரியவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று சின்னவள் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆசிட்டு வேணும்னு ஒருத்தரு, வேணாம்னு ஒருத்தரு. சோப்ப எவ்வளவு ஊத்துறோம்னு ரெண்டு பேருல ஒருத்தராவது பாத்திருக்காங்களா? உங்க வீட்டுக்காரரு ஊத்துற சோப்புக்கு ஆசிட்டே வேணாம். எங்க வீட்டுக்காரரு ஊத்துற சோப்புக்கு ஆசிட்டு இல்லாம முடியாது. பாரு, தப்பான ஆளு தப்பான கட்சியில போயி உக்காந்திருக்கு."

அடுத்தது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சின்னவள் தன் கேனில் பொடியைத் தட்டலாம், பெரியவள் தன் கேனைக் கொட்டித் தண்ணீர் நிரப்பலாம். தாள் சரியாகக் காட்டும். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேன்களால்தான் அலச வேண்டும். ஒருவர் இருமுவார், இன்னொருவரின் பாதி விறைக்கும்.

பெரியவள் இரண்டு கேன்களையும் பார்த்தாள். ஒரே கடையாக இருந்தபோது சேர்த்து வாங்கியவை. ஒரே நீலம், ஒரே உயரம். ஆசிட்டார் தன்னுடைய மூடியில் சிவப்பு பெயின்ட் பொட்டு வைத்திருந்தார். அது ஒன்றுதான் வித்தியாசம்.

"கேனத் தூக்க வேணாம். மூடிய மாத்து. தாள் விட்டுப் பாப்பாங்க. உன் ஆளுது செவக்கும், என் ஆளுது பச்சையா நிக்கும். பாத்து முடிச்சு அந்தம்மா அந்தப் பக்கம் போனதும் திரும்ப மாத்திடலாம்."

"திரும்ப மாத்த முடியலன்னா?"

"ரெண்டு மூடிய மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

இருவரும் மாற்றினார்கள். வெளியே வரும்போது பெரியவள் முதலில் வந்தாள். கொஞ்சம் கழித்து சின்னவள் வந்தாள். பழையபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அது மட்டும் பழகிப்போயிருந்ததால் சுலபமாக இருந்தது.

*

மேடம் இரண்டு கேன்களையும் ஹால் நடுவில் கொண்டுவரச் சொன்னாள். சிவப்புப் பொட்டு மூடியைத் திறந்தாள். தாளை நனைத்து மேலே தூக்கிப் பிடித்தாள். மெல்லச் சிவந்தது. ஆசிட்டார் அந்தச் சிவப்பைத் தன் குழந்தையின் முதல் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அடுத்த கேனில் தாள் பச்சையாகவே நின்றது. பச்சைத்தண்ணி தொந்தியைத் தடவிக்கொண்டார். இரண்டு பேருமே நாணயஸ்தர்கள் என்பது அந்த ஹாலில் ஐயத்துக்கிடமில்லாமல் நிரூபணமாயிற்று.

இப்போது மேடம் அந்தப் பக்கம் போக வேண்டும்.

போகவில்லை. பரிசோதித்ததற்குப் பிறகு யாரும் எதையும் கலக்காமல் இருக்க வேண்டும் இல்லையா என்று அவளே கேட்டுக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட்டு, இரண்டு கேன்களையும் அங்கேயே, அப்போதே, அவரவர் மெஷினில் ஊற்றச் சொன்னாள்.

ஊற்றினார்கள். சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் கூரையிலிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷின்கள் உறுமின. முதல் சில இழுப்பிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஆசிட்டார் குழலை இழுத்த இடமெல்லாம் வெளிர்நீலம் எழுந்து வந்தது. குறைந்த சோப்பும் நிஜ ஆசிட்டும் சேர்ந்து நூல் பூனைக்குட்டியின் முதுகு மாதிரி ஆனது. மேடம் குனிந்து தடவிப் பார்த்தாள். இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். டேப்புக்கு அந்தப் பக்கம் நுரை கிளம்பியிருந்தது. அலச அலச வந்துகொண்டே இருந்தது. பச்சைத்தண்ணியின் மெஷினுக்குள் ஏறி, மூடி வழியாகப் பொங்கி வழிந்தது. இவ்வளவு நாள் இப்படி ஆனதில்லையே என்று அவர் மெஷினைத் தட்டினார். மெஷின் இன்னும் கொஞ்சம் பொங்கியது.

தம்பி ஜெயித்துக்கொண்டிருந்தார். அதில் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் முதல் இருமல் வந்தது.

ஆசிட்டார் அதைத் தொண்டையைச் செருமுவதாக மாற்றிக்கொண்டார். இரண்டாவது வந்தது. ஹாலின் ஜன்னல்களைப் பூட்டியிருந்தார்கள். சுடுதண்ணீரின் ஆவி அவர் இடுப்பளவு நின்றது. இருமியபடியே குழலை இழுத்தார். கண்ணில் நீர் வழிய அண்ணனின் நுரையைப் பார்த்துச் சிரித்தார், சிரிப்பு இருமலாக உடைந்தது. இருமல் சிரிப்பை முழுங்கிவிட்டு அவரைக் குனிய வைத்தது. ஒரு கை மெஷினைப் பிடித்திருந்தது. மறு கை குழலை விடவில்லை.

சின்னவளுக்குத் தேவையானதெல்லாம் வாயைத் திறக்காமல் இருப்பது. இன்னும் அரை மணி நேரம். போர்டு நிற்கும், மானம் நிற்கும், அண்ணன் வந்து குழல் இழுப்பார், அவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நாளையிலிருந்து மறுபடி தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம்.

அவர் முட்டி மடங்கியது.

அவள் ஈரக் கம்பளத்தில் செருப்போடு நடந்துபோனாள். மேடம் ஏதோ சொன்னது காதில் விழவில்லை. மெஷினை அணைத்தாள்.

"அணைக்காத." இருமலுக்கு நடுவில் சொன்னார். "ஜெயிச்சுட்டேன். போடு."

"வெளிய வாங்க. ஆசிட்டு ஒத்துக்கல உங்களுக்கு."

"எத்தன வருஷமா தெளிக்கறேன். இன்னிக்கு என்ன புதுசா?"

"இன்னிக்குத்தாங்க புதுசு. போன மழைக்காலத்துலேருந்து நீங்க தெளிச்சதெல்லாம் தண்ணி. நான் ஊத்துன குழாத் தண்ணி. அதான் இருமல் நின்னுது. தலகாணியால இல்ல."

நுரை வெடிக்கும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது.

பச்சைத்தண்ணி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொந்தி, பிறகு முழு ஆளும். ஆசிட்டாராம் ஆசிட்டார், ஊரையே தண்ணியால கழுவினவரு என்று மேடத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சிரித்தார். சிரிக்க வேண்டாம் என்று பெரியவள் ஒரு முறை மெதுவாகச் சொன்னாள். அவர் நிறுத்தவில்லை.

"ரொம்பச் சிரிக்காதீங்க. உங்களுதுதான் ஆசிட்டு. தெனம் ஒரு பிடி போட்டது நானு. இன்னிக்கு ஒரு நாள் நெஜத் தண்ணியில அலசுறீங்க, மெஷினு கக்குது பாருங்க."

சிரிப்பு நின்றது. பீரோ மாதிரி இருந்தவர் கதவு திறந்த பீரோ மாதிரி ஆனார்.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். இந்த முறை நடுவில் விளக்கு இல்லை. அண்ணன் மூக்கை உறிஞ்சினார். தம்பி ஒரு தடவை இருமினார். அண்ணன் கையைப் பிடித்துத் தம்பியைத் தூக்கிவிட்டார்.

"டேய், வா போலாம்."

"எங்கண்ணே?"

"எங்கயோ. இவளுங்க இருக்கற எடத்துல நிக்க முடியாது."

போனார்கள். அந்த இரண்டு பேரும் ஒரே வேனில் ஏறி வருஷக்கணக்காகிறது. சலவை அறையைத் தாண்டி, பின்வாசலைத் தாண்டி, அண்ணன் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. வேன் ஒருமுறை ஹாரன் அடித்தது. கோபத்தில் அடித்ததா, தவறிப்போய்க் கை பட்டதா தெரியவில்லை.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது தனக்கு வேண்டாம் என்றாள். ஆம்பளைகள் போய்விட்டார்கள், கம்பளம் போகவில்லை, சாயந்திரம் ஹால் வேண்டும், முடியுமா முடியாதா என்று மட்டும் கேட்டாள்.

முடியும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அப்படிச் சொன்னதில் இரண்டு பேருக்குமே எரிச்சல்.

ஜன்னல்களைத் திறந்தார்கள். விசிறிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நுரைப் பாதிக்கு முதலில் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் ஆசிட், மறுபடி தண்ணீர் என்றாள் பெரியவள். எடுத்ததும் ஆசிட் என்றாள் சின்னவள். பெரியவள் சொன்னபடி செய்தார்கள். மறுபாதியில் சின்னவள் சொன்னபடி, ஆசிட் வடிய வெறும் தண்ணீரால் ஒரு முறை அலசி எடுத்தார்கள். குழலைப் பிடிக்கும் முறை, இழுக்கும் வேகம், ஒயரை மிதிப்பது, எல்லாவற்றுக்கும் வாக்குவாதம் நடந்தது. கணவர்கள் கேட்டிருந்தால் பழைய கடை ஞாபகம் வந்திருக்கும்.

மேடம் சாக்ஸோடு டேப்புக்கு இந்தப் பக்கம் நடந்தாள். அந்தப் பக்கம் நடந்தாள். பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை. மேல் மாடிகள் எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்பது தெளிவாக இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவான ஓர் இடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

அவர்கள் மெஷின்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது சின்னவளின் போன் அடித்தது. ஆசிட்டார். அவள் காதில் வைத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் பெரியவளுக்கும் கேட்கும் அளவுக்கு இருந்தது. நம்பிக்கைத் துரோகம் என்றது, உங்க அப்பா வீட்டில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா என்றது, தொழிலில் இனி எப்படித் தலைகாட்டுவேன் என்றது, கல்யாணத்தன்று நடந்த எதையோ இழுத்தது. மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவரே வைத்துவிட்டார்.

"ரொம்பத் திட்டுறாரோ?" என்றாள் பெரியவள்.

"ஆமாக்கா."

"என்னதான் சொல்றாரு?"

"சரியா கேக்கல. இருமுறாரான்னு பாத்துட்டிருந்தேன்."

பெரியவளின் போனிலும் ஏதோ வந்திருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். படித்ததைச் சின்னவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். தம்பி நம்ம வீட்டில்தான் இருக்கிறான், கதவை உள்ளே பூட்டியாயிற்று, இங்கே வர வேண்டாம், எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள் என்று பச்சைத்தண்ணி எழுதியிருந்தார்.

சின்னவள் வேனின் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். எங்கே என்று பெரியவள் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"உன் வீட்ல எத்தன கட்டில்?"

"ஒண்ணுதாங்க்கா."

"நான் செவுத்துப் பக்கம்தான் படுப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

பெரியவள் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். சின்னவள் சாவியைத் திருகி வேனைக் கிளப்பினாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளும் சுவர்ப் பக்கம்தான் படுத்து வருகிறாள்.